நைனாவின் பஸ்ஸும் பதினோரு ஆட்டக்காரர்களும்

கால்பந்துக் குழுவுக்குச் செயலாளராக இருப்பவன் பந்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும். முதலாளி வைத்து நடத்தும் குழு என்றால், அவர் எதைக் கவனிக்கிறார் என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். அப்படி எங்காவது மாட்டிக்கொண்டவர்கள் இதைப் படித்தால் எனக்காக ஒரு பெருமூச்சு விடுங்கள். உங்களுக்காக நான் எப்போதோ விட்டாயிற்று.

ஆள் எடுத்த விதம்

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்கு ஒரே ஒரு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார் ரங்கய்யா. ஊரே அவரை நைனா என்றுதான் கூப்பிடும். கண்டக்டர் வேலை கேட்டுப் போனேன். நான் பேசுவது கூட்டத்தில் யார் காதிலும் விழாது என்று சொல்லி, என்னைத் தம் கால்பந்துக் குழுவுக்குச் செயலாளர் ஆக்கிவிட்டார்.

முதல் வேலை ஆள் எடுப்பது. இருபது பேர் வந்திருந்தார்கள். நான் பந்தைக் கொண்டுபோய் நடுவில் வைத்தேன். நைனா அதை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, ஷெட்டில் நின்ற பஸ்ஸைத் தள்ளச் சொன்னார். அந்த வண்டி காலையில் தானாகக் கிளம்பியதைக் கண்டவர் கிடையாது. யார் தோள் கொடுத்துத் தள்ளுகிறார்கள், யார் சும்மா கையை வைத்துக்கொண்டு முனகுகிறார்கள் என்று பின்னாலேயே நடந்து பார்த்து, பதினோரு பேரைப் பொறுக்கினார். ஒருவராவது பந்தை உதைத்துக் காட்டட்டுமே என்று கேட்டேன்.

"பந்து எந்தப் பக்கம் போனா இன்னா தம்பி? வண்டி ஸ்டார்ட் ஆவணும்."

இனாம் ஆட்டம்

பொன்னேரியிலேயே அருமையான மைதானம் இருந்தது. நைனா அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எங்கள் ஆட்டமெல்லாம் பழவேற்காட்டு மணலில்தான். அங்கே பந்து எழும்பாது. விழுந்த இடத்திலேயே அடைகாக்கிற கோழி மாதிரி உட்கார்ந்துகொள்ளும். ஆனால் பார்க்க வருகிறவன் பஸ்ஸில் வந்து பஸ்ஸில்தானே திரும்ப வேண்டும்? அதனால் ஆட்டம் இனாம் என்று ஊர் ஊராகத் தமுக்கடிக்கச் சொன்னார். இடைவேளை என்பது, பஸ் பொன்னேரிக்குப் போய் அடுத்த நடை ஜனத்தைக் கொண்டுவந்து இறக்கும் வரை. ஆட்டக்காரர்கள் ஒரு தூக்கம் போட்டு எழுந்திருப்பார்கள்.

மாமியாரையும் சேர்த்து ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு நெல் விவசாயி, பஸ்ஸை விட்டு இறங்கி மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"இனாமாப் பாக்குறதுக்கே இவ்ளோ டப்பு ஆவுதே, காசு குடுத்துப் பாத்தா ஊட்டையே வித்துடணும் போலக்கீது."

முனுசாமியின் பலகை

எங்கள் கேப்டன் முனுசாமி, ஷெட்டில் பஸ்ஸுக்கு மரவேலை செய்கிறவன். குழு ஆரம்பித்த வாரமே, ஜெயிக்கப் போகிற கோப்பைக்கென்று ஆபீஸ் சுவரில் ஒரு பலகை அடித்துவைத்தான். ஓரத்தில் தாமரைகூடச் செதுக்கியிருந்தான். மூன்று வருஷமாக அதன்மேல் டிரைவரின் சோற்றுத் தூக்குதான் இருந்தது.

அந்த வருஷம் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். எதிர்க் குழு பழவேற்காடு சுல்தான் பாயுடையது. அவர் சோடா கம்பெனி வைத்திருந்தார். ஜனம் கத்தினால் தொண்டை வறளும், அதற்காகக் குழு வைத்திருந்தார். இரண்டு முதலாளிகளும் சேர்ந்து ஆளுக்கொரு சோடா குடித்தார்கள். யாரும் ஜெயிக்காவிட்டால் மறுபடி ஆட்டம், மறுபடி கூட்டம், அதனால் யாரும் கோல் போடக் கூடாது என்று முடிவாயிற்று. அதைப் போய் முனுசாமியிடம் சொல்ல வேண்டியது நான். அவன் பலகையைத் துடைக்க ஆரம்பித்தான்.

முதல் தடவை கோல் இல்லை. இரண்டாம் தடவை எங்கள் கோல்கீப்பர் மணலில் தடுக்கி விழுந்துவிட்டான். பந்தோடு தனியாக வந்த அவர்கள் ஆள், காலால் பந்தை மிதித்துக்கொண்டு, இவன் எழுந்து வேட்டியைச் சரிசெய்யும் வரை நின்றான். ரெஃபரியாக வந்த டிரில் மாஸ்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

"இவ்ளோ மரியாதையை நான் சம்பந்தி ஊட்லகூடப் பாத்ததில்லப்பா."

ஜெயிக்க ஒரு காரணம்

அந்த ஆட்டமும் டிரா. மூன்றாம் தடவையும் டிரா என்றால் பலகையைப் பெயர்த்து அடுப்பில் போட்டுவிட்டு, பந்தையே தொடமாட்டேன் என்றான் முனுசாமி. ஆசை, மானம் என்றெல்லாம் நைனாவிடம் பேசிப் பிரயோசனமில்லை. ஜெயித்தால் கோப்பையோடு ஊர்வலம் வரும், படகில் போகிறவன்கூட நம் பஸ்ஸில்தான் ஏறுவான் என்று மெதுவாகச் சொன்னேன். நைனா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஜெயித்துத் தொலையுங்கள் என்று சொல்லிவிட்டார். சுல்தான் பாயிடம் இதை யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் ஆட்டத்தின் கடைசி நிமிஷம். அவர்கள் கோல்கீப்பர் கம்பத்தில் சாய்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தான். முனுசாமி பாதி மைதானத்திலிருந்து உதைத்தான். பந்து கோல்கீப்பரைத் தாண்டிக் கோலுக்குள் போயிற்று. கையிலிருந்த சோடா சிந்தவில்லை. பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுப் பந்தைப் பிடித்தால் என்ன என்று சுல்தான் பாய் கேட்டார்.

"பாய், சோடா நான் காசு குடுத்து வாங்கினது."

ஊர்வலம்

நான் சொன்னபடியே பஸ் கொள்ளாமல் ஜனம் ஏறியது. கூரைமேலும் ஆட்கள். நைனா தாமே டிக்கெட் பையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். ஜெயித்த வண்டிக்கு டிக்கெட்டா என்று எல்லோரும் சிரித்தார்களே தவிர, ஒரு கை மடிக்குப் போகவில்லை. நைனா என்னைப் பார்த்த பார்வையை நான் டிரைவர் முதுகுக்குப் பின்னால் இருந்து சமாளித்தேன்.

பாரம் தாங்காமல் பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. சொல்லாமலேயே பதினோரு பேரும் தள்ள இறங்கினார்கள். ரேடியேட்டருக்கு ஊற்றப் பக்கத்து ஓடையில் தண்ணீர் இருந்தது, மொள்ள வாளி இல்லை. நைனாவின் கண் முனுசாமி கையிலிருந்த கோப்பைக்குப் போயிற்று. சண்டைதான் என்று நினைத்தேன். முனுசாமி தானே ஓடையில் இறங்கி ஏழு நடை மொண்டு ஊற்றினான். வண்டி கிளம்பியது. ஒரு சொட்டு ஒழுகவில்லை, நல்ல பாத்திரம் என்று நைனா கோப்பையைத் தட்டிப் பார்த்து மெச்சினார்.

மறுநாள் முனுசாமி பலகையை ஆபீஸ் சுவரிலிருந்து கழற்றி, டிரைவர் சீட்டுப் பக்கத்தில் அடித்தான். அன்றிலிருந்து கோப்பை, நிறையத் தண்ணீரோடு, தினமும் பழவேற்காடு போய் வந்தது. தன் சோற்றுத் தூக்கை இனி எங்கே வைப்பது என்று டிரைவர் கேட்டார்.

"நீயும் ஒண்ணு ஜெயிச்சிகினு வாண்ணா, உனக்கும் பலகை அடிச்சித் தரேன்."

விளையாட்டின் மேல் உள்ள ஆசையால்தான் முதலாளிகள் குழு வைத்து நடத்துகிறார்கள் என்று யாராவது சொன்னால் மறுத்துப் பேசாதீர்கள், பொன்னேரிக்குக் கூட்டிவந்து எங்கள் வண்டியை ஒருமுறை தள்ளச் சொல்லுங்கள்.