முளைச்சா எனக்கும் ஒரு பிடி

எனக்கு வாய் நீளம். பெற்றவளே சொல்லிவிட்டாள், ஊர் சொல்வதற்கென்ன. அந்த வாய், திறந்தே ஆக வேண்டிய நேரத்தில் ஒரு தடவை மூடிக்கொண்டது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் கட்டர் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடி விழுந்தது அவருக்குத்தான்.

நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷினில் முப்பத்தொரு வருஷம் நின்றவர் அவர். சட்டைப் பையில் பேனா இருக்காது, ஆறு அங்குல இரும்பு ஸ்கேல் இருக்கும். வீட்டில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று கேட்டால் மில்லிமீட்டரில் சொல்வார். "கல்யாணத்தன்னைக்கு என்னை அளந்து பார்க்காம விட்டாரே, அதுவே பெருசு" என்பார் அவர் மனைவி, எனக்கு அண்ணி. பொய் என்றால் அண்ணனுக்கு ஆகவே ஆகாது. வாடிக்கையாளர் யாராவது வந்து நின்று "நாளைக்குக் கிடைச்சிடுமா?" என்று கேட்பார். முதலாளி "தாராளமா" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் உள்ளேயிருந்து அண்ணன் குரல் வரும், "கிடைக்காது." முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

அவருக்கு எதிர் மேசை பைண்டர் மாமாவுடையது. தைப்பது, ஒட்டுவது, அட்டை போடுவது எல்லாம் மாமா. இரண்டு பேரும் ஒரு காலத்தில் நகமும் சதையுமாக இருந்தவர்களாம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தக் காலம் முடிந்துபோயிருந்தது. ஒரு பள்ளிக்கூடத்துக்கு முந்நூறு ஆண்டு மலர் போட்டிருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல். வெட்டி முடித்துப் பார்த்தால் ஒரு பெயரிலும் கடைசி எழுத்தைக் காணோம். "நீ கோணலாத் தைச்சே" என்று இவர். "நீ கோணலா வெட்டினே" என்று அவர். அதோடு பேச்சு நின்றது. பதினோரு வருஷம் நின்றது.

நடுவில் இருந்தது ஆறடி தூரம். தபால்காரி நான். "அந்தாளுகிட்ட சொல்லு, பசை காயாம எங்கிட்ட அனுப்பக் கூடாதுன்னு." "அவர் காதுல நேராவே விழுந்திருக்கும்ணே, நான் வேற சொல்லணுமா?" என்று எகிறுவேன். "விழுந்தா விழட்டும். நீ சொல்லு." திரும்பி நின்று சொல்வேன். மாமா பதில் கொடுப்பார், அதையும் திரும்பி நின்று சொல்வேன். இரண்டு நரைத்த தலைகளும் ஒன்றையொன்று பார்க்காமல் படும் பாட்டைப் பார்த்து அப்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அண்ணன் வெட்டித் தள்ளும் காகிதத் துண்டுகள் மூட்டை மூட்டையாகக் குப்பைக்குப் போகும். அதைப் பார்த்து வயிறெரிந்துதான் நான் விதைக் காகிதம் செய்ய ஆரம்பித்தேன். துண்டுகளை ஊறவைத்து, மிக்சியில் அரைத்து, அந்தக் கூழில் கீரை விதையைக் கலந்து, வலையில் பரப்பி, ஃபேனுக்கடியில் இரண்டு மூன்று நாள் காயவிட்டால் ஒரு தாள். அதில் அழைப்பிதழ் செய்யலாம், வாழ்த்து அட்டை செய்யலாம். படித்து முடித்ததும் கிழித்து மண்ணில் போட்டால் கீரை வரும். கண்ணாடி டம்ளரும் பிளாஸ்டிக் பொம்மையும் பரிசு கொடுத்து அலுத்தவர்கள் தேடி வந்து வாங்கினார்கள். முதலாளி என்னை "விஞ்ஞானி" என்று கூப்பிட ஆரம்பித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அண்ணன் ஓய்வு பெற்றது குளிர்காலத்தின் கடைசியில். என்ன பரிசு கொடுக்கலாம் என்று பேச்சு வந்தபோது, "யாரும் மெனக்கெட வேண்டாம், நான் பார்த்துக்கறேன்" என்றேன். பெரிய விதைத் தாள் ஒன்று, அதில் ஆளுக்கொரு வரி, கீழே அழகான அச்செழுத்தில் 'மண்ணில் இடுங்கள், முளைக்கும்'. யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வெளியே ஒரே ஈரக் காற்று. மூன்று நாளாகியும் தாள் காயாமல் சுருண்டு கிடந்தது. மறுநாள் விழா. டீ-ஷர்ட்டில் படம் பதிக்கிற சூட்டு மெஷின் ஒன்று எங்களிடம் உண்டு. தாளை அதற்குள் வைத்து அழுத்தினேன், ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக. இஸ்திரி போட்ட சட்டை மாதிரி வெளியே வந்தது. விதை இந்தச் சூட்டைத் தாங்குமா என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. ஒரு நிமிஷந்தானே என்று விட்டுவிட்டேன்.

எல்லோரும் எழுதினார்கள். மாமாவிடம் நீட்டும்போது எப்படியும் தள்ளிவிடுவார் என்றுதான் நினைத்தேன். வாங்கிக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஓரத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளி எழுதினார், வெட்டுப்பட்டுவிடக் கூடாதே. 'முளைச்சா எனக்கும் ஒரு பிடி.' அவ்வளவுதான். தாளை என் கையில் கொடுத்துவிட்டு ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்துவிட்டார், ஒன்றுமே நடக்காத மாதிரி.

அடுத்த வாரம், மாமா சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அண்ணன் அந்தத் தாளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"தங்கச்சி, உண்மையைச் சொல்லு. இது முளைக்குமா? முளைக்காதுன்னா சொல்லிடு, ஃப்ரேம் போட்டு மாட்டிக்கறேன். எல்லார் கையெழுத்தும் இருக்கு. அந்தாளு கையெழுத்தும் இருக்கு."

"முளைக்கும்னா?"

"முளைக்கும்னா மண்ணுல போடுறேன். கேட்டுட்டான்ல. பதினோரு வருஷத்துல இப்பதான் வாயத் திறந்து ஒண்ணு கேட்டிருக்கான். முதல் பிடியைக் கொண்டுபோய் அவன் மேசையில வச்சிட்டு, 'இந்தாடா'ன்னு சொல்லணும். வேற என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. அதைச் சொன்னாப் போதும்ல?"

"போதும்ணே."

"அப்போ முளைக்குமா?"

சூட்டு மெஷின் எனக்கு ஞாபகம் வந்தது. சத்தியமாக வந்தது. இரண்டு மேசை தள்ளி முதலாளி கேட்டுக்கொண்டிருந்தார். விஞ்ஞானி எப்படித் தெரியாது என்று சொல்வாள்? "கண்டிப்பா முளைக்கும்ணே. என் கையால பண்ணது" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் சொன்னதை நம்பினார். பொய் சொல்லாதவருக்கு அடுத்தவர் சொல்வது பொய்யாக இருக்கும் என்று தோன்றாது போல.

வசந்தம் வந்தது. வாழ்க்கையில் ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றியிராத மனுஷன், பழக்கடையிலிருந்து மரப்பெட்டி வாங்கி வந்து, சாக்கு விரித்து, மண்ணும் எருவும் சலித்துப் போட்டு, இரண்டாம் மாடி பால்கனியில் தோட்டம் போட்டார். தாளைக் கிழிக்கவில்லை, ஸ்கேல் வைத்துச் சதுரம் சதுரமாக வெட்டினார். மாமா எழுதிய துண்டை மட்டும் நடுவில் வைத்தார். எல்லாத் துண்டும் ஒரே ஆழம், அரை சென்டிமீட்டர். பாட்டில் மூடியில் ஓட்டை போட்டுத் தண்ணீர் தெளித்தார். "எங்கிட்ட ஒரு நாள்கூட இப்படி உட்கார்ந்து பேசினதில்ல. அந்த மண்ணுகிட்ட என்ன பேச்சுங்கிறே" என்று அண்ணி என்னிடம் சிரித்தார்.

கீரை விதை நாலைந்து நாளில் தலை காட்டிவிடும். ஒரு வாரமாகியும் ஒன்றுமில்லை என்று அண்ணன் போன் பண்ணினார். அந்தத் தாளின் ஓரத்தில் வெட்டி எடுத்த துண்டு ஒன்று என் டிராயரில் கிடந்தது. அதையும், ஃபேனில் காய்ந்த வேறொரு தாளின் துண்டையும் வீட்டில் ஈரத் துணியில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். நாலாம் நாள் ஒன்றில் வெள்ளை வெள்ளையாக முளை. மற்றதில் ஒன்றுமில்லை. ஒன்றுகூட இல்லை. நான் விதையை வறுத்திருந்தேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். போனை எடுத்து, "அண்ணே, தப்பு என்னோடது" என்றால் ஐந்து விநாடி ஆகும். கடையில் எல்லோரும் சிரிப்பார்களே என்ற ஒரே காரணம். இதை எழுதும்போதே கை கூசுகிறது. அவர் அடுத்து வந்து கேட்டபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தண்ணி அதிகமா ஊத்துறீங்கபோல."

தண்ணீரைக் குறைத்தார். பிறகு மண் சரியில்லையோ என்றேன், மண்ணை மாற்றினார். வெயில் போதாதோ என்றேன், பெட்டியை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார், முட்டி வலியோடு. கடைசியில் எனக்கே பொறுக்காமல், "வேற தாள் ஒண்ணு தரட்டுமாண்ணே, அது நல்லா முளைக்குது" என்றேன்.

"அதுல அவன் எழுத்து இல்லையே" என்றார்.

இந்தப் பக்கம் மாமா. நூலை இழுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்பார், "ஏம்மா, அந்தாளு தோட்டம் போட்டானாமே. கீரை வந்துச்சா?" "இன்னும் வரல மாமா." இரண்டு நாள் கழித்து, "வந்துச்சா?" "இல்ல மாமா." இப்படியே ஒரு மாசம். ஒரு நாள் கேட்பதை நிறுத்திக்கொண்டார். "கொடுக்க மனசில்ல, வரலன்னு சொல்றான். விடு" என்றார்.

மாமா கேட்டதையாவது அண்ணனிடம் போய்ச் சொன்னேனா? இல்லை. சொன்னால் பேச்சு கீரையில் வந்து நிற்கும், ஏன் முளைக்கவில்லை என்பதில் வந்து நிற்கும். பசை, நூல், அட்டை என்று இத்தனை வருஷம் ஒன்றுவிடாமல் சேதி சுமந்தவள், சுமக்க வேண்டிய ஒரே சேதியை அமுக்கிவிட்டேன்.

வெயில் ஏறிக்கொண்டே போனது. அண்ணன் ஒருநாள் மாமா இல்லாத நேரமாக வந்து, "அவன் மனசார எழுதல தங்கச்சி, வாய் வார்த்தைக்கு எழுதியிருக்கான். அதான் மண்ணு ஏத்துக்கல" என்றார். எதையும் அளந்து பார்க்காமல் சொல்லாதவர் அப்படிச் சொன்னார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை மாமா வேலைக்கு வரவில்லை. விடியற்காலை நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று அவர் மகள் முதலாளிக்குப் போன் பண்ணினாள்.

நாங்கள் எல்லோரும் போனோம். கட்டர் அண்ணனும் வந்திருந்தார். உள்ளே போகாமல் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். நான் பக்கத்தில் போனதும், "வெறுங்கையோட வந்து நிக்கிறேன் பாரு" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. சுற்றிலும் ஆட்கள். அன்றைக்கும் சொல்லவில்லை.

ஒரு வாரம் தூக்கமில்லாமல் புரண்டுவிட்டு, அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி கடைக்குப் போயிருந்தார். அண்ணன் பால்கனியில் இருந்தார். பெட்டி திரும்பவும் கீழே வந்திருந்தது, வெறும் மண்ணோடு. உட்காரச் சொன்னார். உட்காரவில்லை, நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். சூட்டு மெஷின், ஈரத் துணி, தண்ணீர் அதிகம் என்று சொன்னது, எல்லாம்.

பெட்டி மண்ணை ஒரு விரலால் கிளறினார். பிறகு, "எப்பத் தெரியும் உனக்கு?" என்றார்.

"விதை போட்டு ரெண்டு வாரம்கூட ஆகலண்ணே."

"அப்போ அவன் மனசுல குறையில்ல."

"இல்லண்ணே. விடாம கேட்டுட்டிருந்தார். கீரை வந்துச்சான்னு."

"கேட்டானா?"

"ஒரு மாசம் கேட்டார்."

அவர் கை சட்டைப் பைக்குப் போயிற்று. ஸ்கேலை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி பைக்குள்ளேயே வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரிக் கேட்டிருந்தால் எனக்குப் பாரம் இறங்கியிருக்கும்.

"மார்க்கெட்டுல ஒரு கட்டு வாங்கி, முளைச்சதுன்னு கொண்டுபோய் வைக்கலாம்னு தோணுச்சு" என்றார். "தோணாம இல்ல. ரெண்டு தடவை கடை வரைக்கும் போனேன். அவன்கிட்டப் போய்ப் பொய் சொல்றதான்னு திரும்பி வந்துட்டேன்."

நான் அழுதேன். "சரி, போ தங்கச்சி, இருட்டப் போகுது" என்று வாசல் வரைக்கும் வந்து அனுப்பிவைத்தார்.

இப்போதும் விதைக் காகிதம் செய்கிறேன். ஒவ்வொரு தாளிலும் ஒரு துண்டை ஈரத் துணியில் வைத்து, முளை வந்த பிறகுதான் அச்சுக்குக் கொடுக்கிறேன். யாராவது அவசரம் என்றால், "கிடைக்காது" என்கிறேன். முதலாளி தலையில் அடித்துக்கொள்கிறார்.

இந்த வசந்தத்தில் அண்ணன் கடைக்கு வந்தார். அதே பெட்டி, விதை மட்டும் கடையில் வாங்கினாராம். செய்தித்தாளில் சுற்றிய கீரையைப் பிரித்து எல்லோருக்கும் ஒவ்வொரு பிடி கொடுத்தார். எனக்கும் கொடுத்தார், மற்றவர்களுக்குக் கொடுத்த அதே அளவு. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசிப் பிடியை எதிர் மேசையில், பசை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. சொல்லாமல் போய்விட்டார்.

அந்த மேசைக்கு இப்போது வேறொரு பெண் வருகிறாள். நல்ல வேலைக்காரி. மாமாவை அவள் பார்த்ததுகூட இல்லை. சாப்பாட்டு நேரம் முடிந்து வந்தவள் கீரையைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது யாருக்கு?" என்றாள்.

கீரையைச் செய்தித்தாளில் சுற்றி அவளிடம் நீட்டினேன்.

"வாடிப்போறதுக்குள்ள எடுத்துட்டுப் போம்மா" என்றேன்.