கோட்டைக்கு நீங்களும் வாங்களேன்

என் வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. எங்கே கிளம்பினாலும், எதிரே நிற்கிறவரைப் பார்த்து, "நீங்களும் வாங்களேன்" என்று சொல்லாமல் செருப்பை மாட்டமாட்டார். எங்கள் ஆலங்குடிப் பக்கம் எல்லாரும் சொல்வதுதான், ஒரு பேச்சுக்கு. கேட்கிறவரும், "இருக்கட்டும்ப்பா, நீங்க போயிட்டு வாங்க" என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிடுவார். அதோடு சரி. ஆனால் இவர் கூப்பிட்டால் மட்டும் ஆட்கள் நிஜமாகவே வந்துவிடுவார்கள். ஒரு தடவையோடு நிறுத்தினால்தானே? விடாமல் கூப்பிட்டுத் தொலைப்பார்.

அந்த முறை மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தவர், லீவு முடிந்து மறுநாள் திரும்பவும் விமானம் ஏற வேண்டும். அதற்குள் அவரிடம் ஒன்று கேட்டாக வேண்டும் எனக்கு. போனது போதும், இனிமேல் போகாதீர்கள் என்று. அதை எங்கே கேட்பது? கூடத்தில் எந்நேரமும் சொந்தக்காரர்கள். அறைக்குள் போனால் பெட்டி கட்ட ஒத்தாசை செய்கிறேன் என்று அத்தை, அவருடைய அம்மா, பின்னாலேயே வந்துவிடுவார். போனில் கேட்கலாமென்றால், வேண்டாத பேச்சு வந்ததும் இவருக்கு மட்டும் சிக்னல் போய்விடும்.

அதனால்தான் அந்தக் கோட்டையைச் சொன்னேன். மணமேல்குடி தாண்டிக் கடலோரம், சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கோட்டை என்று பெயர்தான். இடிந்த மதிலும், ஏறிப்போகப் படி உள்ள ஒரு கொத்தளமும் மிச்சம். முக்கியமாக, அங்கே கோயில் கிடையாது. கோயில் இல்லாத இடத்துக்கு எங்கள் வீட்டில் ஒருத்தரும் வண்டி ஏறமாட்டார்கள். அந்தத் தைரியத்தில் நானே கார் சொல்லியிருந்தேன்.

காலையில் வாசலில் கார் நிற்கிறது. பக்கத்துத் தெருவிலிருந்து அவருடைய பெரியம்மா வந்தார். நான் கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன். மனுஷன் பார்த்தால்தானே.

"பெரியம்மா, சும்மாதான இருக்கீங்க. நீங்களும் வாங்களேன்."

"நீ இம்புட்டுக் கூப்புடுறப்ப வரலேன்னா நல்லாவா இருக்கும்?" என்று பெரியம்மா சேலை மாற்றப் போய்விட்டார்.

இவர் வாயைத் திறந்தபடி நின்றார். 'இல்லை' என்ற வார்த்தை அவருக்குப் பிறந்ததிலிருந்தே வந்ததில்லை. பெரியம்மா போகும்போது அத்தை வீட்டில் இருந்தால் நன்றாயிருக்குமா? அத்தையும் கிளம்பினார். அத்தை ஒரு பேச்சுக்கு அடுத்த வீட்டு அக்காவைக் கூப்பிட, அவரும் கிளம்பினார், தன் நாத்தனாரோடு. காரைத் திருப்பி அனுப்பி வேன் பிடித்தார்கள். இத்தனை பேருக்கும் புளியோதரை கிண்டியது யார்? நான்தான்.

தார் ரோடு முடிகிற இடத்தில் வேன் நின்றுவிட்டது. அங்கிருந்து தோப்புக்குள் மணல் பாதை. வாயில் போட்ட வெற்றிலையைத் துப்புவதற்குள் கோட்டைக்குப் போய்விடலாம், அவ்வளவு கிட்ட. கடல் கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் சவுக்கு இரைச்சலோடு கலந்து வரும். நாங்கள் இருவர் மட்டும் நடக்க வேண்டிய பாதை அது. அதில் நான் புளியோதரைத் தூக்கைச் சுமந்துகொண்டு கடைசியில் போகிறேன். அவர் முன்னால் உட்கார்ந்து அத்தை காலில் முள் எடுக்கிறார். அடுத்த மரத்தடியில் அக்காவுக்கு மூச்சு வாங்குகிறது. பெரியம்மாவுக்கு ஒரே கவலை, இங்கிட்டு எந்தச் சாமி என்று. சாமியே இல்லை என்றேன். நம்பவில்லை. மதிலிலிருந்து விழுந்து கிடந்த ஒரு கல்லைக் கண்டுபிடித்து, பையிலிருந்த சூடத்தை அதன்முன் கொளுத்திக் கும்பிட்டார். மற்றவர்களும் கும்பிட்டார்கள். எரிச்சல் தாங்காமல் நானும் கும்பிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் அவர்களுக்குக் கொத்தளத்தில் ஏற முடியவில்லை. நீங்கள் இரண்டு பேரும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார் அத்தை. எனக்கு உயிர் வந்தது. இவரோ திரும்பி அடுத்த வீட்டு அக்காவைப் பார்த்து வாயெடுத்தார். கையில் நறுக்கென்று கிள்ளினேன். பேசாமல் ஏறினார்.

மேலே நல்ல காற்று. சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"போதும்ங்க. இனிமே போகாதீங்க. ஒங்கள போன்லயே பாத்துப் பாத்து எனக்குச் சலிச்சுப்போச்சு."

அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். இங்கே வந்தால் என்ன வேலை கிடைக்கும் என்றார், இன்னும் கொஞ்ச காலம் என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்.

"அழுவாத. வேணும்னா நீயும் வாயேன் அங்கிட்டு."

பெரியம்மாவைக் கூப்பிட்ட அதே குரல். ஒரு பேச்சுக்கு. கட்டின பெண்டாட்டியையும் இப்படித்தான் கூப்பிட வேண்டுமா? அவருக்கு முன்னால் விறுவிறுவென்று இறங்கினேன். கீழே எல்லாரும் இலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அத்தை, ஒங்க மகன் என்னையும் மஸ்கட்டுக்குக் கூப்புடுறாங்க. இம்புட்டுக் கூப்புடுறப்ப வரலேன்னா நல்லாவா இருக்கும்? நானும் போறேன்."

பெரியம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். புருஷனோடு இருப்பதுதானே முறை, இதை எப்போதோ செய்திருக்க வேண்டாமா என்றார். அத்தையும் கொஞ்சம் யோசித்துத் தலையாட்டினார். கடைசிப் படியில் இவர், காலையில் வாசலில் நின்ற அதே முகத்தோடு நின்றுகொண்டிருந்தார். நான் அவரையே பார்த்தேன். 'இல்லை' வரவில்லை.

பாஸ்போர்ட், விசா என்று அலைந்து நான் இங்கே மஸ்கட்டுக்கு வந்துசேர நாளாயிற்று. இன்று வெள்ளிக்கிழமை, அவருக்கு லீவு. நாங்கள் இருவர் மட்டும் நிம்மதியாகச் சாப்பிடலாம் என்றிருந்தேன். அவரோடு வேலை பார்க்கிறவர்கள் ஆறு பேர் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பேச்சுக்குத்தான் கூப்பிட்டாராம். புளியைக் கரைத்துக்கொண்டிருக்கிறேன்.