நான்கு நாற்காலிகளும் ஒரு தீக்குச்சியும்

பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பிப் பூட்டை இழுத்துப் பார்க்கிறவர்களைக் கண்டால் நான் ஒரு புத்தகத்தைப் படிக்கச் சொல்வேன். நோய் குணமாகும் என்று சொல்லமாட்டேன். சிரிப்பு வரும், அது நிச்சயம்.

அப்போது கோவில்பட்டியில் குடியிருந்தோம். விளக்கேற்றியதும் எரிந்த குச்சியை ஒரு தம்ளர் தண்ணீரில் போடுவேன். அதோடு விட்டால் பரவாயில்லை. பஸ் நிறுத்தம் வரை போய்விட்டு, குச்சி தண்ணீருக்குள்தான் கிடக்கிறதா என்று பார்க்கத் திரும்பி வருவேன். சில நாள் மூன்று முறை.

“ஊரே தீப்பெட்டி செஞ்சு பொழைக்குது. நீ ஒத்தக் குச்சிக்கு இப்பிடிப் பயப்படுதியே” என்பார் கணவர்.

என் கவலை வேறு. இரண்டாம் வகுப்புப் படித்த மகள், பள்ளிக்குக் கிளம்பும்முன் பையைத் திறந்து திறந்து பார்க்கத் தொடங்கியிருந்தாள். என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டதோ? கண்டித்தால் கூடுமோ, விட்டால் கூடுமோ?

பக்கத்து வீட்டு டீச்சரிடம் சொல்லி அழுதேன். அவர் ஓர் ஆங்கிலப் புத்தகத்தைக் கொடுத்தார். செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ஓ.சி.டி. நோயோடு வளர்ந்த ஒரு பெண் எழுதிய சொந்தக் கதை. சிறுமியாக இருந்தபோது, வெளியே கிளம்பும்முன் வீட்டிலிருந்த நான்கு நாற்காலிகளிடமும் போய்வருகிறேன் என்று சொல்வாளாம். ஒருநாள் ஒன்றை மறந்து, பாதி வழியில் அழுதபடி திரும்பி ஓடுகிறாள். “அது கோபமாகவா இருந்தது?” என்று அம்மா கேட்கிறாள். “இல்லை, மற்ற மூன்றும் சமாதானப்படுத்தி வைத்திருந்தன.”

வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு பிரமித்து உட்கார்ந்துவிட்டேன். நான் வெட்கப்பட்டு மறைத்ததை ஒருத்தி ஊரறிய எழுதியிருக்கிறாள். அந்தப் பயத்துக்குள் இருந்தவளால் எப்படிச் சிரிக்க முடிந்தது?

ஏன் சிரிக்கிறாய் என்று மகள் கேட்டாள். தமிழில் சொன்னேன்.

“அந்த அக்காவும் நம்மள மாதிரியாம்மா?”

“ஆமா.”

“நீ திரும்பி வரக்கூடாதுன்னு தெனமும் நான் குச்சியப் பாத்துட்டுத்தான் செருப்பு போடுதேன். நீ கவனிக்கல.”

அவளை நான் கண்காணிப்பதாக நினைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கழுகுமலை பஸ் வந்து நின்றபோது, என் கால் வீட்டுப் பக்கம் திரும்பியது. மகள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“மத்த மூணும் சமாதானப்படுத்தும். ஏறும்மா.”

சிரித்துக்கொண்டே ஏறினேன். கழுகுமலை வரை உள்ளங்கை வேர்த்துக்கொண்டுதான் இருந்தது. அந்தக் கையை அவள் விடவில்லை.