மைத்துனர் கன்னத்தில் நிற்காத மோட்டார்

மாசி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை என்று சொல்வாள் என் மனைவி. இல்லை, வெள்ளிதான், வீடெங்கும் சாம்பிராணிப் புகை இருந்தது. அன்று செம்பட்டியிலிருந்து அவளுடைய தம்பி பயாப்சி அறிக்கையோடு வந்தார். வருடக்கணக்காகப் புகையிலை அடக்கிய இடது கன்னத்தில் செதிள் செல் புற்றுநோய். ஆரம்பநிலைதான், உடனே வெட்டி எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவருடைய பயம் வேறு. பங்குனியில் அவர் மகளுக்குப் பூ வைத்து உறுதி செய்ய ஒட்டன்சத்திரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தார்கள்.

“டாக்டர் ‘ஜீன்’ங்கிறாரு மச்சான். அப்ப பரம்பரைதான? சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா எம்மகள வேணாம்னுருவாக. வைகாசில கல்யாணம் முடியட்டும், பெறகு வெட்டிக்கிறேன்.”

நோய் அதுவரை காத்திருக்காது. நான் கேட்டேன்: “மாப்ள, கெணத்து மோட்டாருக்கு ஸ்டார்ட்டர்ல காண்டாக்ட் ஒட்டிக்கிட்டா என்னாகும்?”

“சுவிட்ச அமுக்குனாலும் நிக்காது.”

படித்திருந்ததைச் சொன்னேன். கன்னத்து உட்தோலில் அடியடுக்குச் செல்கள்தான் பெருகும். மேலே வர வர, பெருகச் சொல்லும் ஜீன்கள் அணைந்து, செல் முதிர்ந்து உதிரும். எல்லாச் செல்லிலும் இருப்பது அதே ஜீன்கள்தான். எது ஓடணும், எது நிற்கணும் என்று பார்த்துக்கொள்ளச் சில புரதங்கள் உண்டு. புகையிலை பட்டுப் பட்டு அந்தக் கட்டுப்பாடு கெட்டதால், காண்டாக்ட் ஒட்டிய மோட்டார்போலப் பெருக்கும் ஜீன்கள் அணையவே இல்லை.

“கெட்டது ஒன் கன்னத்துல மாப்ள. மகளுக்கு நீ குடுத்த ஜீன்ல இல்ல.”

“அப்ப அம்புட்டும் புகையிலை செஞ்ச வேலையா?”

“அம்புட்டும் நீ செஞ்ச வேலை!” அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல்.

மறுநாள் எங்கள் வீட்டிலிருந்தே சம்பந்திக்குப் போன் போட்டார். நோயைச் சொல்லிவிட்டார். ஜீன் என்ற சொல் மட்டும் வாயில் வரவில்லை. மோட்டார், காண்டாக்ட் என்று ஒரு பம்புசெட்டையே பிரித்துப் போட்டார். என் மனைவி முந்தானையைக் கசக்கினாள்.

“ஏனுங்க,” என்றார் சம்பந்தி கடைசியாக, “மோட்டார ஓட உட்டுப்போட்டு யாராச்சும் விசேசம் பண்ணுவாங்களா? மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க. பூவ நாங்க பொறவு கொண்டாறமுங்க.”

பங்குனியில் அறுவை சிகிச்சை முடிந்தது. வெட்டிய ஓரங்களில் புற்றுச் செல் இல்லை என்று அறிக்கை வந்தது. சித்திரையில் பூ வைத்தார்கள். தையல் இழுத்ததால், வாய் ஓயாத மைத்துனர் பேச முடியாமல் எல்லோருக்கும் கைகூப்பித் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

“இத்தன அமைதியான மனுசருங்களா!” என்று வியந்தார் சம்பந்தியம்மாள்.

என் மனைவி சிரிப்பை அடக்கப் பந்திப் பக்கம் ஓடினாள்.