ஐஸில் வைத்த அரை டாலர்

கண்டக்குழியில் மீன் வாங்கி, ஐஸ் போட்டுக் கொழும்புக்கு அனுப்புவது என் தொழில். காசு பார்ப்பது என் தொழில் இல்லை. ஆனாலும் ஒருமுறை பார்த்தேன்.

என் ராத்தா, அதாவது அக்கா, ஒரு டின்னில் பன்னிரண்டு அமெரிக்கக் காசு வைத்திருந்தார். மௌத்தாகிப் போன அவர் கணவர், என் மச்சான், சரக்குக் கப்பலில் வேலை செய்தபோது சேர்த்தது. எல்லாம் அரை டாலர். ஒரே அளவு. ராத்தாவுக்கு இரண்டு மகள்மார். தான் உயிரோடு இருக்கும்போதே இருவருக்கும் சமமாகக் கொடுத்துவிட நினைத்தார். ஒருத்திக்குக் குறைந்தால் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டும் என்ற பயம் அவருக்கு.

"தம்பி, எல்லாம் வெள்ளியாண்டு பார்த்துச் சொல்லுங்க. உங்கட சொல்லுலதான் பிரிக்கப் போறன்."

ஆறு காசு கறுத்துக் கிடந்தது. ஆறு மினுங்கியது. வெள்ளி ஐஸை வேகமாக உருக்கும் என்று எனக்குத் தெரியும். ஐஸ் நமக்குப் பஞ்சமில்லை. ஒரு கட்டியை எடுத்து வைத்தேன். அதன்மேல் ஒரு கறுப்புக் காசு, ஒரு மினுங்கல் காசு, பக்கத்தில் நம் நாட்டு இரண்டு ரூபாய். இரண்டு ரூபாய் மேலேயே கிடந்தது. மற்ற இரண்டும் ஒன்றுபோல ஐஸுக்குள் இறங்கின.

"ரெண்டும் ஒண்டுதான். எல்லாம் வெள்ளி," என்றேன்.

இளையவளை முதலில் எடுக்கச் சொன்னோம். மினுங்கிய ஆறையும் அள்ளிக்கொண்டாள். மூத்தவள் சிரித்தாள்.

"எனக்குக் கரிக்காசா? பரவாயில்ல, தேய்ச்சா வெளுக்கும்."

ஒரு மாதம் போனது. இளையவள் தன் பிள்ளைக்குக் கொலுசு செய்ய வேண்டும் என்றாள். மதுரங்குளியில் தெரிந்த நகைக்கடைக்கு நான் கூட்டிப்போனேன். கடைக்காரர் காசின் முகத்தைப் பார்க்கவே இல்லை. நிமிர்த்தி ஓரத்தைப் பார்த்தார். பிறகு வருடத்தைப் பார்த்தார். நாலைத் தனியாகத் தள்ளினார்.

"இது நாலும் செம்பு. மேல மட்டும் வேற தகடு. ஓரத்துல சிவப்புக் கோடு தெரியுதா? மத்த ரெண்டுலயும் நூத்துக்கு நாப்பதுதான் வெள்ளி."

"ஐஸில வெச்சுப் பார்த்தனே," என்றேன்.

"நானா," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார். "செம்பும் ஐஸை உருக்கும். ஐஸை மீனுக்குப் போடுங்க. காசுக்கு வருசத்தைப் பாருங்க."

அரை டாலரில் வருடம் 1964 என்றோ அதற்கு முன்னோ இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளி. 65 முதல் 70 வரை நாற்பது. அதற்குப் பிறகு கடைகளில் புழங்கியதில் வெள்ளியே இல்லை. இவ்வளவுதான் கணக்கு. அரை டாலர் என்று எழுதியிருப்பதை வைத்து விலை சொல்லக் கூடாது. காசை நிறுத்து, அதில் எத்தனை பங்கு வெள்ளியோ அதற்குத்தான் விலை. வெள்ளிதான் கடல் காற்றில் கறுக்கும். அது எனக்கு அன்றைக்கே தோன்றியிருக்க வேண்டும்.

இளையவள் ஆறையும் திரும்ப வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில்தான் தன் அக்காவின் பங்கைப் பற்றிக் கேட்டாள்.

"மாமா, ராத்தாட காசு?"

"எல்லாம் வெள்ளியாத்தான் இருக்கும்."

அன்று பின்னேரமே இளையவளோடு, ராத்தா இருக்கும் மூத்தவளின் வீட்டுக்குப் போனேன். தராசு ஒன்றையும் கடைக்காரரிடம் இரவல் வாங்கி வந்திருந்தேன். அவளுடைய ஆறிலும் 1964 இருந்தது. ஓரம் முழுக்க வெள்ளை. ஒவ்வொன்றும் பன்னிரண்டரை கிராம் காட்டியது. இளையவளின் செம்புக் காசு பதினொன்றே கால்தான். விஷயத்தைச் சொன்னேன். மூத்தவள் காசை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அவதானே மினுக்கத்தைப் பார்த்து எடுத்தா? நான் பறிச்சனா?"

"இல்ல மகள். நீ பறிக்கல்ல. எல்லாம் ஒண்டுண்டு நான் சொன்னன். அது பிழை. பிழையான சொல்லுல பிரிச்சது பிரிப்பில்ல."

"மாமாட வாயால பிழையெண்டு கேக்க எவ்வளவு நாளாச்சு!" என்றாள் மூத்தவள்.

ராத்தா அழுதுவிடுவார் போல இருந்தது. மூத்தவள் தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு முடிச்சை அவிழ்த்துப் பாயில் கொட்டினாள்.

"பிரிங்க. ஆனா ஐஸ் கொண்டு வராதீங்க."

பிரித்தேன். தொண்ணூறில் மூன்று, நாற்பதில் ஒன்று, செம்பு இரண்டு. இருவருக்கும் அதேதான். குவியலோடு குவியலை நிறுத்தும் காட்டினேன். ஆளுக்கு முப்பத்தெட்டு கிராம் வெள்ளிக்குக் கொஞ்சம் கூட.

"இப்ப நீ முதல்ல எடு," என்று மூத்தவளிடம் சொன்னேன்.

அவள் கைக்குக் கிட்ட இருந்ததை எடுத்தாள். எடுத்தவள் ஒவ்வொரு காசாக ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். இளையவளும் தன்னுடையதைப் பார்த்தாள். பார்க்கட்டும்.

ராத்தா காசு இருந்த வெறும் டின்னைக் கழுவி வெயிலில் கவிழ்த்தார்.