தேங்காய் கைமாறிய காலை

என் தங்கை துளசி ஜெயித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பிறந்து இருபது வயதுவரை கடலையே பார்க்காதவள், லுமுட் படகுத்துறையில் பயணிகள் படகு ஓட்டினாள். அம்மா ரப்பர்ப் பால் மரம் வெட்டப் போனால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள், படகு ஓட்டும் சோதனையில் எல்லாக் கேள்விக்கும் மலாய் மொழியில் வாயாலேயே பதில் சொல்லித் தேறினாள். ஒருமுறை பங்கோர் தீவுக்கு அப்பால் திடீர்க் காற்று அடித்தபோது, இன்ஜின் நின்றுபோன வேறொரு படகையும் இழுத்துக்கொண்டு கரை சேர்ந்தாள். கணவர் தேவன் மாரடைப்பில் போனதும், நாங்கள் இருக்கும் புந்தோங்குக்கே வந்துவிடு என்று நாங்கள் எல்லாரும் கூப்பிட்டோம். அவள் வரவில்லை. தாலிக்கொடியையும் வளையல்களையும் விற்றுப் படகு வாங்கினாள்.

பதிவு மட்டும் தேவனின் தம்பி ரூபன் பெயரில் இருந்தது.

"அண்ணி, நீங்க கைநாட்டு. ஆபீஸ்ல நூறு கேள்வி கேப்பாங்க. பேரு யாரோடதா இருந்தா என்ன, படகு உங்களோடதுதானே லா," என்றான் அவன்.

துளசி கல்யாணமாகி வந்தபோது ரூபனுக்குப் பன்னிரண்டு வயது. தாயில்லாத பையன். அவனுக்குச் சோறு போட்டு, பள்ளிச் சட்டை துவைத்து வளர்த்தவள் அவள்தான். அவன் சொன்னதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

ஒவ்வொரு பள்ளி விடுமுறையிலும் முதல் சவாரிக்கு முன்னால் படகின் முகப்பில் எலுமிச்சம்பழம் கட்டி, சூடம் காட்டி, தேங்காய் உடைப்பார்கள். படகுக்கு உரியவர்தான் உடைக்க வேண்டும். முதல் தடவை துளசி தயங்கினாள். "உங்க நகையில வந்த படகு. நீங்கதான் உடைக்கணும்," என்று தேங்காயை அவள் கையில் வைத்தவனே ரூபன்தான். அதிலிருந்து ஆறு வருடம் அவளே உடைத்தாள். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

2023 ஆகஸ்ட் விடுமுறையில் நானும் போயிருந்தேன். செம்பிலான் தீவுகளுக்குப் போய், மூன்று இடத்தில் நங்கூரம் போட்டு, குளித்து, சாப்பிட்டு, சாயங்காலம் திரும்புகிற சவாரி. குனோங் ராபாட்டிலிருந்து தர்மா என்பவர், மனைவி பிரமிளாவோடும் சொந்தக்காரர்களோடும் வந்திருந்தார். துளசி சூடத்தை ஏற்றிவிட்டுத் தேங்காயை எடுத்தாள். ரூபன் அவள் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்.

"அண்ணி, இன்னிக்கு தர்மா அண்ணே உடைக்கட்டும்."

"ஏன்டா?"

"எல்லாம் குடும்பத்தோட வந்திருக்காங்க. நல்ல காரியம். நீங்க உடைச்சா... ஆளுங்க பேசுவாங்க லா."

துளசியின் முகம் சுருங்கியது. தேங்காயைத் தர்மாவிடம் கொடுத்துவிட்டு இன்ஜின் பக்கம் போய் நின்றாள். "விடுக்கா. பொட்டு இல்லாதவ செய்யக்கூடாதுங்கிறான். ஊரு அப்படித்தானே," என்றாள் என்னிடம்.

கடல் அன்று தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி இருந்தது. முதல் தீவில் பிள்ளைகள் குதித்துக் குளித்தார்கள். துளசி நங்கூரக் கயிற்றின் மேல் வெறுங்காலை வைத்தபடி நின்றாள். நங்கூரம் நழுவினால் கயிறு நடுங்குமாம், அது காலுக்குத் தெரிந்துவிடுமாம். இரண்டாவது தீவில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தோம். பச்சை மலை தண்ணீரில் தலைகீழாகத் தெரிந்தது. பிரமிளா படகைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இந்த நீலம் நல்லால்ல. வெள்ளை அடிச்சிடலாம். இந்தப் பலகையையும் எடுத்துட்டு மெத்தை போடணும்."

துளசி சிரித்தாள். "நீங்க ஏன்கா என் படகுக்குப் பெயிண்ட் அடிக்கிறீங்க?"

பிரமிளா குழம்பிப்போனார். "ரூபன் சொல்லலையா? நாங்க போன வாரமே வாங்கிட்டோமே. அதனாலதானே காலைல அவரு தேங்கா உடைச்சாரு?"

துளசி கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தாள். படகின் பின்பக்கம் போய் ரூபன் எதிரில் நின்றாள். நானும் கூடவே போனேன்.

"வித்துட்டியா?"

"கடன் அண்ணி. கழுத்தை நெரிச்சாங்க. உங்க வேலை போகாது. தர்மா அண்ணே சம்பளம் குடுப்பாரு. நீங்களே ஓட்டலாம்."

"காலைல ஆளுங்க பேசுவாங்கன்னு சொன்னியே. அது?"

ரூபன் தண்ணீரைப் பார்த்தான். "அதைச் சொன்னா நீங்க மேல கேக்க மாட்டீங்கன்னு தெரியும்."

அவன் படகை விற்றதை அவள் ஒருநாள் மறந்தாலும் மறக்கலாம். இந்தப் பதிலை மறக்க மாட்டாள். அவள் எதற்குத் தலைகுனிவாள் என்று, அவள் போட்ட சோற்றைத் தின்று வளர்ந்தவனுக்குத்தான் தெரிந்திருந்தது.

திரும்பிப் போய்விடலாம் என்று நான் அழுதேன். "மூணாவது தீவு பாக்கி இருக்குக்கா. பிள்ளைங்க காத்திருக்குதுங்க," என்று நங்கூரத்தை இழுத்தாள். மூன்றாவது தீவிலும் கயிற்றின் மேல் கால் வைத்து நின்றாள். கரை சேர்ந்ததும் எல்லாரையும் கைபிடித்து இறக்கிவிட்டு, சாவியைத் தர்மாவின் கையில் கொடுத்தாள். ரூபனின் பக்கம் திரும்பவில்லை. அந்தப் படகில் அதன்பிறகு அவள் ஏறவும் இல்லை.

ஒன்றரை வருடம் வேறு ஆட்களின் படகில் கூலிக்கு ஓட்டினாள். தீபாவளிக்கு ரூபன் முறுக்கு டின்னோடு வந்தான். கதவு திறக்கவில்லை. இரவல் வாங்கியும் சேர்த்தும் பழைய சின்னப் படகு ஒன்றை அவள் பேசி முடித்தபோது, என் மகன் சும்மா இருக்காமல், "சித்தி, என் பேர்ல போட்டுக்கலாமா?" என்றான்.

"உன் பேரு உனக்கே இருக்கட்டும் ராசா," என்றாள்.

அன்றைக்கே என்னிடம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தன் பெயரை எழுதித் தரச் சொன்னாள். அதைப் பார்த்துப் பார்த்து ஈரப் பலகையிலும் மணலிலும் விரலால் எழுதிப் பழகினாள். படகு துறைக்கு வந்ததும் நான் தேங்காயோடு போய் நின்றேன். "இரு. பேப்பர் முதல்ல. தேங்காய் அப்புறம்," என்றாள்.

படகுப் பதிவு அலுவலகத்தில் இருந்த பெண், துளசி எப்போதும் கைநாட்டு வைப்பவள் என்ற பழக்கத்தில் மைப்பெட்டியை நகர்த்தினார். துளசி அதை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டாள். உரிமையாளர் என்று இருந்த இடத்தில் தன் பெயரை, ஒவ்வோர் எழுத்தாக, நேரம் எடுத்து எழுதினாள்.

அன்று 2025 பிப்ரவரி 17, திங்கட்கிழமை.