அண்ணன் கழுத்திலிருந்த கட்டி

அண்ணனுக்கு இடப்பக்கத் தாடைக்குக் கீழே ஒரு நீர்க்கட்டி பிறவியிலிருந்தே இருந்தது. சளி பிடித்தால் வீங்கும், பிறகு தானாக வடிந்துவிடும். ஜாலான் புசார் சாலையில் குழாய்ச் சாமான் கடை வைத்திருந்தார். வாடிக்கையாளரிடம் பேசும்போது அதைத் தடவிக்கொண்டே இருப்பார்.

ஐம்பது வயதைத் தாண்டியபின் ஒருமுறை வீங்கியது வடியவில்லை, இறுகியது. ஊசியால் நீர் எடுத்துச் சோதித்தார்கள். கெட்டது ஏதும் தெரியவில்லை.

“வெறும் தண்ணிதான் லா. நீ ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கே?” என்று அண்ணன் என்னைக் கேலி செய்தார்.

ஆனாலும் கட்டியை எடுத்துவிடுவதே நல்லது என்றார் மருத்துவர். எடுத்தார்கள்.

முடிவு கேட்க நானும் அண்ணியும் கூடப் போனோம். மருத்துவர் தமிழ்ப் பெண், இளவயது. கட்டியின் உட்சுவரில் புற்றுநோய் இருப்பதாகச் சொன்னார்.

“கட்டியிலயே உண்டாகுறது ரொம்ப அபூர்வம், அங்கிள். பெரும்பாலும் தொண்டையில எங்கயாவது ஆரம்பிச்சு இங்க பரவியிருக்கும். முதல்ல அதத் தேடணும்.”

உடல் முழுக்க ஸ்கேன் எடுத்தார்கள். மயக்கம் கொடுத்து டான்சிலை அகற்றினார்கள். நாக்கின் வேர்ப்பகுதியில் துணுக்குகள் வெட்டிப் பார்த்தார்கள். எங்கும் ஒன்றுமில்லை.

“கிடைக்கலன்னா நான் சந்தோஷப்படணுமா, பயப்படணுமா?” என்று அண்ணன் கேட்டார்.

“ரெண்டும்தான், அங்கிள்,” என்றார் மருத்துவர். அவர் மழுப்பாதது அண்ணனுக்குப் பிடித்திருந்தது.

கட்டியிலேயே உண்டானதுதான் என்று முடிவு செய்தார்கள். கழுத்தில் மறுபடி அறுவை செய்து நிணநீர் முடிச்சுகளை எடுத்தார்கள். பிறகு கதிர்வீச்சு. முகத்தோடு ஒட்டும் வலைமூடியை மாட்டி, அதை மேசையோடு பூட்டிவிடுவார்கள். கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் கத்தத் தோன்றும் என்றார் அண்ணன். வாய் புண்ணானது, எச்சில் வற்றியது. தேக்கா சந்தையில் பார்த்துப் பார்த்து மீன் வாங்கி அண்ணி கஞ்சியில் மசித்துக் கொடுப்பார். “மணல் மாதிரி இருக்கு, வேணாம்,” என்று அண்ணன் கிண்ணத்தைத் தள்ளிவிடுவார். மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியதாயிற்று.

கழுத்து ஆறியது. குழாயை எடுத்தார்கள். சில மாதம் கடைக்குக்கூடப் போனார். அப்புறம் இருமல். நுரையீரலில் புள்ளிகள்.

மருத்துவர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். இது அபூர்வமான நோய் என்பதால், கட்டியின் படங்களைப் பயிற்சி மருத்துவர்களுக்குக் காட்டலாமா?

“காட்டுங்க. அடுத்த ஆளுக்காவது சீக்கிரம் கண்டுபிடிங்க,” என்றார் அண்ணன்.

மருந்து ஏற்றிப் பார்த்தார்கள், கேட்கவில்லை. வீட்டிலேயே இருக்கிறேன் என்றார். ஒரு மத்தியானம் அண்ணி ஈரத்துணியால் அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றது. அண்ணி துடைப்பதை நிறுத்தவில்லை. நான்தான் கையைப் பிடித்தேன்.